வீடில்லாதவர்களுக்கு வீடு: வழிபாட்டுக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரவுச் சுற்று, வீடு தேடிக் கொடுப்பது, குடிபோனவர்களைப் போய்ப் பார்ப்பது என்று பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா, விகாரை என்று எங்கே பேசப் போனாலும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாராவாரம் சாப்பாடு கொடுக்கிறோம், குளிர்காலத்தில் போர்வை கொடுக்கிறோம். இது போதாதா?

கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பசித்தவருக்கு இன்றைக்கே சோறு வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், பத்து வருடம் கழித்தும் அதே ஆளுக்கு அதே இடத்தில் போர்வை கொடுத்துக்கொண்டிருப்போம்.

நான் இரவுச் சுற்றுக்குப் போகத் தொடங்கிய முதல் வருடம். ஒரு பண்டிகை நாள் இரவு, பாலத்துக்கடியில் படுத்திருந்த பெரியவர் ஒருவரிடம் போர்வையை நீட்டினேன். எழுந்து உட்கார்ந்தவர், பக்கத்தில் கிடந்த இரண்டு புதுப் போர்வைகளைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. “உங்களுக்கு முன்னாடியே ரெண்டு கூட்டம் வந்துட்டுப் போயிடுச்சு தம்பி. இதையும் வாங்கி நான் எங்கே வெச்சுக்குவேன்? காலையில தூக்கிட்டு நடக்கணுமே” என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போர்வையை மடித்து வைக்க அவரிடம் ஓர் அலமாரி இல்லை. அலமாரியைச் சாய்த்து நிறுத்த ஒரு சுவர் இல்லை. பூட்டிவிட்டுப் போக ஒரு கதவு இல்லை. நாங்கள் மூன்று குழுக்கள் அவரைத் தேடிப் போயிருக்கிறோம். மூன்று குழுவும் ஒரே பொருளைத்தான் கொண்டுபோயிருக்கிறோம்.

வீடில்லாதவர் என்றால் தெருவில் படுப்பவர் மட்டும்தானா?

தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் மாதக்கணக்கில் ஒண்டியிருப்பவர், காரில் தூங்குகிறவர், காப்பகத்தில் இருப்பவர், அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்து எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவர், மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகியும் போக இடமில்லாதவர், எல்லோரும் இதில் வருவார்கள். பெண்களும் பிள்ளைகளோடு இருப்பவர்களும் பிறர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒதுங்குவதால் கணக்கில் விட்டுப்போகிறார்கள். உங்கள் வழிபாட்டுக்குத் தவறாமல் வந்து, எல்லோரும் கிளம்பிய பிறகும் விளக்கணைக்கும் வரை உட்கார்ந்திருக்கும் ஒருவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

குடியும் போதையும்தானே இதற்குக் காரணம்?

சிலருக்கு ஆமாம். ஆனால் குடிப்பவர்கள் எல்லா ஊரிலும், எல்லா வசதியிலும் இருக்கிறார்கள். வீடிருப்பவர் வீட்டுக்குள் குடிக்கிறார், அவ்வளவுதான். அமெரிக்காவில் போதை மருந்தால் சாவோர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் ஒன்று மேற்கு வெர்ஜீனியா. அங்கே வீடில்லாதவர்களின் விகிதம் குறைவு. வாடகை எகிறிக் கிடக்கும் சான்பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் அது மிக அதிகம். வாடகைக்கும் வருமானத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி பெரிதாகும்போது, முதலில் கீழே விழுகிறவர்கள் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவர்கள்: நோயாளி, மணமுறிவு ஆனவர், சிறையிலிருந்து வெளியே வந்தவர், விடுதியில் வளர்ந்து பதினெட்டு வயதானதும் வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை.

தெருவுக்கு வந்த பிறகு குடிக்கப் பழகியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். குளிருக்காக, பயத்துக்காக, தூக்கம் வரவேண்டும் என்பதற்காக.

“முதலில் வீடு” என்கிறார்களே, அது என்ன?

பழைய முறை ஒரு படிக்கட்டு மாதிரி. முதலில் குடியை விடு, மருந்து ஒழுங்காகச் சாப்பிடு, காப்பகத்தில் நல்ல பெயர் எடு, அப்புறம் வீடு தருகிறோம் என்பார்கள். படி ஏற முடியாதவர்கள் கீழேயே தங்கிவிட்டார்கள். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். தெருவில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு, மனநோய் உள்ளவர்களுக்கு, நிபந்தனை வைக்காமல் நேரே வாடகை வீடு. மருத்துவர், சமூகப் பணியாளர் எல்லோரும் பிறகு அந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். பெரும்பாலானோர் வீட்டை விட்டு ஓடவில்லை.

கனடா இதை 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000க்கும் அதிகமானோரிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், நேரே வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழு நேரமும் வீட்டிலேயே இருந்தார்கள். வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களில் அது 31 சதவீதம்.

எனக்கு மிகவும் பிடித்தது பின்லாந்தின் கதை. வழிபாட்டுக் குழுக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதையும் அதுதான். 1985இல் அங்கே ஒய் அறக்கட்டளை என்ற ஓர் அமைப்பு உருவானது. நகராட்சிகள், செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றோடு லூத்தரன் திருச்சபையும் அதைத் தொடங்கியவர்களில் ஒன்று. சாதாரணக் குடியிருப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகளை வாங்கி, வீடில்லாதவர்களுக்கு வாடகைக்கு விடுவது அதன் வேலை. 2007இல் நீண்டகால வீடின்மையை ஒழிக்க வழி சொல்லும்படி நான்கு பேரிடம் கேட்டார்கள். ஒரு மருத்துவர், ஹெல்சிங்கியின் சமூகநலத் துறைத் தலைவர், ஒய் அறக்கட்டளையின் தலைவர், நான்காவதாக ஹெல்சிங்கியின் பிஷப் ஏரோ ஹுவோவினென். அவர்களுடைய அறிக்கைக்கு வைத்த தலைப்பு “கதவில் பெயர்”. அந்த நாட்டில் குடியிருப்பவரின் பெயர் வீட்டுக் கதவில் எழுதியிருக்கும். உன் பெயர் எழுதிய ஒரு கதவு உனக்கு வேண்டும் என்பதை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஹெல்சிங்கியில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்திய பெரிய காப்பகம் ஒன்று இருந்தது, சுமார் 250 படுக்கைகள். அதைப் புதுப்பித்துப் பிரித்து ஏறத்தாழ 80 தனி வீடுகளாக மாற்றினார்கள். வந்தவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கினார்கள். பல பத்தாண்டுகளாகப் படுக்கை கொடுத்துப் பழகிய ஒரு சமய அமைப்பு தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டது. அது எவ்வளவு கடினமான முடிவு என்று ஒரு அறையை வேறு வேலைக்கு மாற்றவே மூன்று கூட்டம் போடும் எந்தக் குழுவுக்கும் தெரியும். 1985இல் ஹெல்சிங்கியில் காப்பகம், விடுதிப் படுக்கைகள் 2,121 இருந்தன, 2016இல் 52. நாடு முழுவதும் 1987இல் 18,000க்கு மேல் இருந்த வீடில்லாதோர் எண்ணிக்கை 2023இல் 3,500க்கும் கீழே வந்தது.

2024இல் அந்த எண்ணிக்கை மறுபடி சற்றுக் கூடியிருக்கிறது. வீடு கட்டுவதையும் வாடகை உதவியையும் விட்டுவிட்டால் பின்லாந்திலும் கூடத்தான் செய்யும்.

நம் பழமொழி ஒன்று இதை எப்போதோ சொல்லிவிட்டது: எலி வளையானாலும் தனி வளை.

அப்படியென்றால் இரவுக் காப்பகமே வேண்டாமா?

இன்று இரவு மழையில் நிற்பவருக்குக் காப்பகம் வேண்டும். ஆனால் அது எத்தனை நாளுக்கு என்ற கேள்வியை முதல் இரவே கேட்டுவிட வேண்டும். நாங்கள் உதவிய ஒரு காப்பகத்தில் முதல் வருடம் “இன்று எத்தனை பேர் தங்கினார்கள்” என்று பதிவேட்டில் எழுதினோம். இரண்டாம் வருடம் அந்தப் பத்தியை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் “இந்த வாரம் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள்” என்று இன்னொன்று சேர்த்தோம். முதல் பத்தியில் பெரிய எண் வந்தால் பெருமைப்பட்ட நாங்கள், இரண்டாவது பத்தியில் வரிசையாக வந்த பூஜ்யங்களைப் பார்த்துப் பேச்சிழந்தோம். வேலை மாறியது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, தரையில் வரிசையாகப் பாய் போடும் கூடங்களைக் கூடுமானவரை தவிருங்கள். 2020இல் கொரோனா வந்தபோது இங்கிலாந்தில் தேவாலயக் கூடங்களில் நடந்த இரவுக் காப்பகங்கள் மூடப்பட்டு, தெருவிலிருந்தவர்களை ஹோட்டல் அறைகளில் தங்கவைத்தார்கள். தனி அறை கிடைத்ததும் பலர் முதன்முறையாக நன்றாகத் தூங்கினார்கள், மருத்துவரிடம் பேச ஒப்புக்கொண்டார்கள். அதைக் கண்கூடாகப் பார்த்த குழுக்கள் பல, பிறகு தனி அறை முறைக்கே மாறின.

இது அரசின் வேலைதானே? நாம் எதற்கு?

பெரும்பகுதி அரசின் வேலைதான். வாடகை உதவி, பொது வீட்டுவசதி, மனநல மருத்துவம் இவற்றை உண்டியல் பணத்தில் நடத்த முடியாது. ஆனாலும் நாம் இல்லாமல் நடக்காது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்வேன்.

முதலாவது, நாம் ஏற்கெனவே நடுவில் இருக்கிறோம். அமெரிக்காவின் 11 நகரங்களில் 2017இல் பேய்லர் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், அவசரக் காப்பகப் படுக்கைகளில் ஏறக்குறைய 60 சதவீதம் சமய அமைப்புகளுடையது என்று தெரிந்தது. நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கம்தான் இந்த வேலை திரும்பும்.

இரண்டாவது, அரசை உலுக்க நம்மால் முடியும். 1954 பிப்ரவரி 1 அன்று, பாரிஸ் நகரத்து நடைபாதையில் ஒரு பெண் குளிரில் விறைத்து இறந்துகிடந்தார். வீட்டை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவு அவர் கையில் இருந்தது. எம்மாவுஸ் அமைப்பைத் தொடங்கிய அப்பே பியேர் என்ற பாதிரியார் அன்றே வானொலியில் பேசினார். பணமும் போர்வையும் குவிந்தன. ஆனால் அதோடு விடவில்லை. 1956இல், குளிர்காலத்தில் யாரையும் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று பிரான்சில் சட்டமே வந்தது. இன்றைக்கும் அந்தச் சட்டம் இருக்கிறது. அன்று வந்த போர்வைகளெல்லாம் எப்போதோ கிழிந்திருக்கும்.

எங்களிடம் கொஞ்சம் நிலம் சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

இதைக் கேட்கிற குழுவைக் கண்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கமே வராது, அவ்வளவு சந்தோஷம். நகரத்துக்குள் வீடு கட்ட முதல் தடை நிலத்தின் விலை. அந்த நிலம் பல தலைமுறைகளாகச் சமய நிறுவனங்களின் கையில் இருக்கிறது, பல நேரம் பாதி காலியான வாகன நிறுத்துமிடமாக. கலிபோர்னியாவில் மட்டும் சமய அமைப்புகளிடம் கட்டடம் எழுப்பத்தக்க நிலம் சுமார் 47,000 ஏக்கர் இருப்பதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2023இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வழிபாட்டு அமைப்பு தன் நிலத்தில் குறைந்த வருமானத்தாருக்கு வீடு கட்ட நினைத்தால், நில வகைப்பாட்டை மாற்றச் சொல்லி வருடக்கணக்கில் அலைய வேண்டாம்.

உங்கள் இடத்தில் அப்படிச் சட்டம் இல்லாமல் இருக்கலாம். எப்படியிருந்தாலும் முதலில் ஆவணங்களை எடுத்து வெளியே வையுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த நோக்கத்துக்காக எழுதிவைக்கப்பட்டது, விற்கவோ குத்தகைக்கு விடவோ யாருடைய அனுமதி வேண்டும்? வக்ஃப் சொத்துக்கும் கோயில் சொத்துக்கும் திருச்சபைச் சொத்துக்கும் விதிகள் வேறுவேறு. விற்பதைவிட நீண்டகாலக் குத்தகை நல்லது என்பது என் கருத்து. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், அடுத்த தலைமுறை அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிடவும் முடியாது. கட்டுவதையும் வாடகை வசூலிப்பதையும் அந்த வேலை தெரிந்த லாபநோக்கற்ற வீட்டுவசதி அமைப்பிடம் விடுங்கள். நல்ல மனசு மட்டும் உள்ள கமிட்டி குழாய் ரிப்பேர், வாடகைப் பாக்கி, சண்டை சச்சரவு எல்லாவற்றையும் தானே பார்க்கப்போய் இரண்டே வருடத்தில் களைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கட்ட முடியாதென்றால், வாகன நிறுத்துமிடத்தையே இரவில் திறந்து வைக்கலாம். அமெரிக்காவின் சான்டா பார்பராவில் 2004 முதல் தேவாலயங்களும் மற்றவர்களும் காரில் வாழ்பவர்களுக்கு அப்படி இடம் தருகிறார்கள். கழிப்பறையும் காவலும் உண்டு, வீடு தேடித்தர ஒரு பணியாளரும் உண்டு. அந்தப் பணியாளர் இல்லாவிட்டால் அது வெறும் பார்க்கிங்தான்.

நாங்கள் நாற்பது பேர்தான். நிலமும் இல்லை, பணமும் இல்லை.

கேரன் ஓல்சன் என்ற பெண்மணி அமெரிக்காவின் நியூயார்க்கில் ஒரு வீடில்லாத மூதாட்டிக்கு ஒரு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்ததில் தொடங்கி, 1986இல் நியூஜெர்சியில் பல சபைகளைச் சேர்த்து ஒரு வலைப்பின்னல் அமைத்தார். குடும்பங்களை ஒவ்வொரு சபையும் ஒரு வாரம் தன் கட்டடத்தில் தங்கவைக்கும். அடுத்த வாரம் அடுத்த சபை. பகலில் ஒரு மையத்தில் வேலை தேடவும் வீடு தேடவும் உதவி. இன்று ஃபேமிலி பிராமிஸ் என்ற பெயரில் அது நாடு முழுக்க நடக்கிறது. வருடத்துக்கு நான்கைந்து வாரம் சிரமப்பட எந்தச் சின்னக் குழுவாலும் முடியும்.

அதுவும் முடியாதா? உங்கள் நாற்பது பேரில் வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர் யாராவது இருப்பார். அவரிடம் பேசுங்கள். “ஆறு மாதம் வாடகை தவறினால் நாங்கள் தருகிறோம், ஏதாவது பிரச்சினை என்றால் நடுராத்திரியானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்” என்று குழுவாக உத்தரவாதம் கொடுங்கள். வீடில்லாத ஒருவருக்கு வாடகையைவிடப் பெரிய தடை முன்பணமும் ஜாமீன் சொல்ல ஆளில்லாததும்தான்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று சொல்லியிருக்கிறார்களே?

வீடு பிச்சை இல்லை, அதனால் அந்தப் பழமொழி இங்கே பொருந்தாது.

உதவி பெறுகிறவரை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லலாமா?

கூடாது. சோற்றுக்கு முன்னால் பிரசங்கம், படுக்கைக்கு முன்னால் பிரார்த்தனை என்று வைத்தால், போக வேறிடமில்லாத ஒருவருடைய வாயிலிருந்து கட்டாயத்தின் பேரில் இறைவன் பெயரை வரவழைக்கிறோம். அது அவருக்கும் அவமானம், நம் நம்பிக்கைக்கும் அவமானம். அரசுப் பணம் வாங்கினால் பல நாடுகளில் சட்டமே தடுக்கும். அவராகக் கேட்டு வந்தால் கதவு திறந்தே இருக்கட்டும். வராவிட்டாலும் வீட்டுச் சாவி அவருடையதுதான்.

வேறு சமயத்தாரோடு சேர்ந்து செய்ய முடியுமா? எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள்.

இறையியலில் ஆரம்பித்தால் முடியாது. நாட்காட்டியில் ஆரம்பியுங்கள். யார் எந்தக் கிழமை எங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதியபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே தெருவில் ஐந்து குழுக்கள், செவ்வாய், புதன் யாருமே இல்லை. ஒரே கூட்டத்தில் மாற்றிக்கொண்டோம். அந்த நம்பிக்கை வந்த பிறகு மிச்சம் பிடித்த பணத்தைச் சேர்த்து வாடகை முன்பண நிதி தொடங்கினோம்.

மற்றபடி, ஒருவரோடொருவர் பேசப் பொருளுக்குக் குறைவே இல்லை. ஏழையை உன் வீட்டுக்குள் அழைத்துவா என்கிறது ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்து, ஒருவர் மறுபடி கையேந்தாதபடி நிலைநிறுத்துவதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். புத்தரின் புகழ்பெற்ற இல்லறச் சீடர் ஒருவருக்கு அனாதபிண்டிகர், அதாவது ஆதரவற்றோருக்கு அன்னமிடுபவர் என்றே பெயர். சீக்கியரின் லங்கரில் யார் என்று கேட்காமல் பரிமாறுகிறார்கள். விருந்தாளியைத் தெய்வமாக நினை என்கிறது உபநிடதம்.

ஜக்காத், தசமபாகம், காணிக்கை போன்ற பணத்தை வாடகைக்குச் செலவிடலாமா?

உங்கள் சமய அறிஞர்களிடம் கேட்டு முடிவெடுங்கள். ஜக்காத் பெறத்தக்க எட்டு வகையினரில் ஏழைகள், கடனாளிகள், வழிப்போக்கர் உண்டு. பிரிட்டனின் நேஷனல் ஜக்காத் பவுண்டேஷன் வீட்டுவசதி உதவிக்கும் அதைப் பயன்படுத்துகிறது. என் அனுபவத்தில், வீட்டை இழக்கும் முன்பே ஒரு மாத வாடகைப் பாக்கியைக் கட்டிவிடுவது மிகக் குறைந்த செலவில் ஆகும் மிகப் பெரிய உதவி. தெருவுக்கு வந்தபின் மீட்பதற்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

முகவரி இல்லை, அடையாள அட்டை இல்லை என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறைய. முகவரி இல்லாமல் அட்டை இல்லை, அட்டை இல்லாமல் உதவித்தொகை இல்லை, அது இல்லாமல் வாடகை இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க வழிபாட்டுத்தலத்தின் முகவரியைக் கடிதம் வாங்கவாவது கொடுங்கள். ஆவணங்களைப் பத்திரமாக வைக்க ஒரு பூட்டிய அலமாரி கொடுங்கள். தலைக்கடியில் வைத்துத் தூங்கியும் பையைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ரோம் நகரத்தில் மொதெஸ்தா வலென்தி என்ற 71 வயதுப் பெண் ரயில் நிலையத்துக்கு அருகே தெருவில் வாழ்ந்தார். 1983 ஜனவரி 31 அன்று உடம்பு சரியில்லாமல் விழுந்தபோது, பேன் இருக்கிறது, அழுக்காக இருக்கிறார் என்று ஆம்புலன்ஸில் ஏற்ற மறுத்தார்கள். மணிக்கணக்கில் அங்கேயே கிடந்து இறந்தார். சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கக் குழு அவரை மறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் நினைவாகக் கூடுகிறார்கள். இன்று ரோம் நகராட்சி, வீடில்லாதவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள ஒரு கற்பனைத் தெருவின் பெயரை முகவரியாகத் தருகிறது. அந்தத் தெருவின் பெயர் மொதெஸ்தா வலென்தி தெரு.

பாதுகாப்பு? குழந்தைகள், பெண்கள் இருக்கும் இடமாயிற்றே.

பலரும் இதைக் கேட்பது வீடில்லாதவர்களால் ஆபத்து வருமோ என்ற பயத்தில். நான் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கச் சொல்வேன்: நம்மால் அவர்களுக்கு ஆபத்து வராமல் என்ன செய்திருக்கிறோம்? மேலே சொன்ன அப்பே பியேர் 2007இல் இறந்தார். 2024இல், அவர் மீது பல பெண்கள் சொன்ன பாலியல் அத்துமீறல் புகார்களை அவர் தொடங்கிய எம்மாவுஸ் அமைப்பே விசாரித்து வெளியிட்டது. அவர் பெயரைத் தாங்கிய அறக்கட்டளை தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நான் மதித்த மனிதர் அவர். அந்தச் செய்தியைப் படித்தபோது நெஞ்சு கனத்தது, ஆனாலும் வெளியே வந்தது நல்லது.

ஆகவே, எவ்வளவு பெரியவரானாலும் தனியாக ஒரு அறையில் ஒருவரைச் சந்திக்க வேண்டாம், எப்போதும் இருவர். தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபாருங்கள். புகார் சொல்ல, உங்கள் தலைமைக்குக் கட்டுப்படாத வெளியாள் ஒருவரின் தொடர்பு எண் சுவரில் இருக்கட்டும். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், நன்கொடையாளருக்கு அனுப்பவும்கூட.

அக்கம்பக்கத்தார் எதிர்த்தால்?

எதிர்ப்பார்கள். அறிவிப்புப் பலகை வைத்த பிறகு பேசாதீர்கள், அதற்கு முன்பே வீடு வீடாகப் போங்கள். யாருடைய தொலைபேசி எண்ணை அழைக்கலாம், குப்பை யார் எடுப்பார்கள், இரவில் யார் இருப்பார்கள் என்று அவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. பதில் கையில் இருந்தால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். “என் கொல்லைப்புறத்தில் வேண்டாம்” என்ற முழக்கத்துக்குப் பதிலாக, அமெரிக்காவின் சான்டியேகோவில் சமயக் குழுக்கள் “கடவுளின் கொல்லைப்புறத்தில் வரட்டும்” என்று இயக்கமே தொடங்கினார்கள்.

வீடு கொடுத்தும் ஒருவர் தெருவுக்கே திரும்பிவிட்டால்?

இன்னொரு முறை கொடுங்கள். முதல் வீட்டில் எது சரிவரவில்லை என்று அவரிடமே கேட்டுவிட்டு.

எங்கள் குழு வீடு பிடித்துக் கொடுத்த ஒருவர், பதினோரு வருடம் தெருவில் இருந்தவர். ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். கட்டிலில் விரிப்பு கசங்கவே இல்லை. கதவை ஒட்டித் தரையில் அட்டையை விரித்துப் படுத்திருக்கிறார், காலணியைக் கழற்றாமல். “சத்தமே இல்ல சார், பயமா இருக்கு” என்றார். அவரிடம் கட்டிலில் படுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் ஒரு சின்ன ரேடியோ கொண்டுபோய்க் கொடுத்தார். வாரம் இரண்டு முறை யாராவது போய்ச் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். மூன்றாம் மாதம் போனபோது காலணிகள் கதவுக்கு வெளியே இருந்தன.

வழிபாட்டுக் குழுக்களுக்கு இந்த வேலையில் ஈடே கிடையாது. சமூகப் பணியாளருக்கு அறுபது பேர் பொறுப்பு, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகவேண்டும். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பண்டிகையும் உண்டு, அவர் பிறந்தநாளை நினைவு வைத்துக்கொள்ள ஒரு பாட்டியும் உண்டு.

தெருவிலேயே இறந்துபோகிறவர்களுக்கு?

முறையான இறுதிச்சடங்கு, அவருடைய நம்பிக்கைப்படி. லண்டனில் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் கூடி, அந்த வருடம் அந்த நகரில் வீடில்லாமல் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். பெயர் தெரியாதவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். நீங்களும் வாசிக்கலாம். நகராட்சி அதிகாரிகளை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வாசலில் அடிக்கடி பார்க்கும் ஒருவரிடம் தொடங்குங்கள். அவர் பெயரைக் கேளுங்கள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எங்கே இருந்தார், எப்படி வெளியே வந்தார், எந்தப் பகுதியில் வீடு கிடைத்தால் போவார் என்று மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பேச்சு ஒரே நாளில் முடியாது. அப்படிப் பத்துப் பேரின் பெயரும் தேவையும் சேர்ந்ததும், அவர்கள் சம்மதத்தோடு, ஊரிலுள்ள வீட்டுவசதி அலுவலகத்திடமும் மற்றக் குழுக்களிடமும் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். பத்துப் பேரில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு உதவி ஒதுக்கப்பட்டு, கடிதம் போய்ச்சேராமல் நின்றிருப்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

அப்புறம் கமிட்டிக் கூட்டம் போடும்போது, தெருவில் இருந்து வந்தவர்கள் இரண்டு பேராவது அந்த மேசையில் உட்காரட்டும். வரப் பேருந்துக் காசையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.